ஹொட் டப்புக்கு அடியில் கொங்கிறீட்டா, சல்லியா?

2021 ஒக்டோபரில், கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஏஜாக்ஸில் உள்ள எங்கள் வீட்டுப் பின்வளவில் ஒரு ஹொட் டப், அதாவது ஆட்கள் இறங்கி உட்காரும் வெந்நீர்த் தொட்டி, வந்து இறங்கியது. அதே மாதம் மார்க்கத்தில் இருக்கும் மச்சான் வீட்டிலும் ஒன்று இறங்கியது. ஒரே கடை, ஒரே அளவு, நிறம் மட்டும் வேறு. ஒருவரைப் பார்த்து ஒருவர் வாங்கினோம் என்பதை மறைக்கவில்லை. ஆனால் தொட்டிக்குக் கீழே எதைப் போடுவது என்பதில் பிரிந்துவிட்டோம். அவன் கொங்கிறீட் தளம் ஊற்றினான். நான் மண்ணை வெட்டி எடுத்துவிட்டுச் சல்லிக்கல் நிரப்பி இறுக்கினேன். இப்போது நான்கு குளிர்காலம் கடந்துவிட்டது. யார் வந்து கேட்டாலும் சல்லி என்றுதான் சொல்கிறேன். ஏன் என்பதைச் சொல்கிறேன். எங்கே என் கணிப்புப் பிழையாக இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

முதலில் மரத்தளத்தை ஒதுக்கிவிடுவோம். எங்கள் தொட்டி 2.1 மீற்றர் சதுரம். வெறுமையாக ஏறக்குறைய 350 கிலோ. 1,300 லீற்றர் தண்ணீர் பிடிக்கும், அது 1,300 கிலோ. ஆறு பேர் இறங்கினால் இன்னுமொரு 450. எல்லாம் சேர்ந்து 2,100 கிலோ. சதுர மீற்றருக்கு 475 கிலோ வரும். இங்கே வீட்டோடு ஒட்டிக் கட்டும் மரத்தளங்கள் வழக்கமாகச் சதுர அடிக்கு 40 இறாத்தல், அதாவது சதுர மீற்றருக்கு 195 கிலோ தாங்கும்படிதான் கணக்கிடப்படுகின்றன. பொறியியலாளர் ஒருவரைக் கொண்டு கணக்குப் பார்த்து, ஆழமாகத் தூண் இறக்கி, சட்டங்களை நெருக்கிக் கட்டினால் முடியாததில்லை. அது வேறு வேலை, வேறு செலவு. ஏற்கெனவே இருக்கும் மரத்தளத்தில் ஏற்றி வைத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், பந்தல் காலில் யானையைக் கட்டச் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த 2,100 கிலோவைக் கேட்டதும் எல்லோரும் கொங்கிறீட் பக்கம் ஓடுகிறார்கள். நானும் ஓடினேன். பிறகு ஒரு பின்னேரம் தாளை எடுத்துச் சும்மா கணக்குப் போட்டுப் பார்த்தேன். 75 கிலோ ஆள் ஒருவர் இரண்டு காலையும் ஊன்றி நின்றால் பாதம் மண்ணைத் தொடும் இடம் 400 சதுர செ.மீ. அளவுதான். அந்தக் கணக்கில் அவர் மண்ணை அழுத்துவது சதுர மீற்றருக்கு 1,875 கிலோ. தொட்டி அழுத்துவதைப்போல நான்கு மடங்கு. வளவில் நின்று தொலைபேசியில் கதைத்துக்கொண்டிருக்கும் நான் தொட்டியைவிடப் பாரமாக மண்ணை மிதிக்கிறேன். இந்தக் கணக்கை அப்படியே பிடித்துக்கொண்டு புல்லின் மேல் தொட்டியை வைத்துவிடக் கூடாது. மேல்மண் மெதுமெதுவென்றிருக்கும், ஒரு மழைக்கே அமிழும். அதை வழித்து எடுத்துவிட்டால் அடியில் இருக்கும் இறுகிய களி இந்தப் பாரத்தை ஒரு பொருட்டாகவே எடுக்காது. பாரம் பற்றிய பயம் அதோடு எனக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது குளிர்காலம்.

தென் ஒன்ராறியோவில் வீட்டு அத்திவாரத்தை 1.2 மீற்றர் ஆழத்துக்குக் கொண்டுபோவது நில உறைவுக்காகத்தான். தண்ணீர் உறைந்தால் ஒன்பது வீதம் பெருக்கும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்தது. நிலத்தை மேலே தூக்குவது அந்த ஒன்பது வீதம் மட்டும் அல்ல. உறைந்துகொண்டிருக்கும் மண் கீழே உள்ள ஈரத்தைத் திரி எண்ணெயை உறிஞ்சுவதுபோல மேலே இழுக்கும். இழுத்த தண்ணீர் படலம் படலமாக உறைந்து தடித்துக்கொண்டே போகும். அதற்குக் கடுங்குளிர் வேண்டும், களிபோன்ற நுண்மண் வேண்டும், தண்ணீர் வேண்டும். மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டால் நிலம் எழும்பாது. குளிரை நாம் ஒன்றும் செய்ய முடியாது. மற்ற இரண்டையும் ஓரளவு செய்யலாம்.

மச்சானின் தளத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். பார்க்க அழகு. 15 செ.மீ. கனம், கம்பி கட்டி, விளிம்பு மழுக்கி, காய ஒரு வாரத்துக்கு மேல் விட்டு, அதற்குப் பிறகுதான் தொட்டியை வைத்தான். ஊற்றியவர் கீழே போட்டது ஐந்து செ.மீ. கல். அதற்குக் கீழே நேரே களி. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் ஒன்று தளத்தின் வடக்கு மூலைக்குப் பக்கத்தில் முடிந்ததை ஊற்றியவரும் கவனிக்கவில்லை, அவனும் கவனிக்கவில்லை, போய்ப் பார்த்து "நல்லாயிருக்கிறது" என்று சொல்லிவிட்டு வந்த நானும் கவனிக்கவில்லை.

2022 ஏப்ரலில் கூப்பிட்டான். "அத்தான், ஒருக்கால் வந்து பாருங்கள். தண்ணீர் ஒரு பக்கம் ஓடிக் கிடக்கிறது." மூடியைத் திறந்தோம். தொட்டித் தண்ணீரைவிட நல்ல ரசமட்டம் கிடையாது. ஒரு மூலையில் விளிம்பிலிருந்து தண்ணீர் நான்கு விரற்கடை கீழே. எதிர் மூலையில் இரண்டரை விரற்கடை. கம்பி கட்டி ஊற்றியதால் தளம் எங்கும் வெடிக்கவில்லை. முழுவதும் ஒரே பலகையாக வடக்கு மூலையில் எழும்பி நின்றது. தரமாகச் செய்ததுதான் இப்போது வினையாகிவிட்டது. வெடித்திருந்தால் உடைத்து எறிய ஒரு சாட்டாவது கிடைத்திருக்கும்.

ஜூலையில் பாதி இறங்கியது. குழாயைத் தள்ளித் திருப்பிவிட்டான். அடுத்த மார்ச்சில் ஏறியது குறைவு. ஆனால் பழைய மட்டத்துக்கு அது திரும்பவே இல்லை. இன்றைக்கும் ஒரு விரற்கடை சாய்வு உண்டு. மூடி ஒரு பக்கம் முழுதாகப் பொருந்தாததால் குளிரில் அந்த இடுக்கால் ஆவி போவது சமையலறை ஜன்னலில் நின்று பார்த்தாலே தெரியும். தளம் அசைந்து வரும் சேதத்துக்கு உத்தரவாதம் இல்லை என்று எங்கள் இருவரின் பத்திரத்திலும் சின்ன எழுத்தில் இருக்கிறது. தாழ்ந்த தளத்துக்குத் துளையிட்டு அடியில் சீமெந்துக் குழம்பு செலுத்தித் தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். எழும்பிய மூலையை இறக்கத்தான் ஆளில்லை. மற்ற மூன்று மூலைகளையும் அதன் உயரத்துக்குத் தூக்க வேண்டும், அதுவும் அடுத்த குளிரில் எங்கே போகும் என்று தெரியாமல்.

இதில் கொங்கிறீட்டின் பிழை ஒன்றுமில்லை, அடிவேலையின் பிழை என்று நீங்கள் சொன்னால் ஒத்துக்கொள்வேன். 20 செ.மீ. நல்ல சல்லி போட்டு இறுக்கி, தண்ணீருக்கு வழி விட்டு, அதன் மேல் ஊற்றியிருந்தால் மச்சானின் தளம் அசைந்திராது என்றுதான் நானும் நினைக்கிறேன். ஆனால் அப்படிச் செய்தால் முதலில் ஒரு சல்லித் தளம் போடுகிறோம். பிறகு அதன் மேல் கொங்கிறீட்டுக்கும் காசு கொடுக்கிறோம். நிலத்தை அடக்கி வைப்பது அங்கேயும் சல்லிதான்.

என்னுடையதைச் சொல்கிறேன். 2.7 மீற்றர் சதுரம், 25 செ.மீ. ஆழம். அடியில் ஜியோடெக்ஸ்டைல் துணி, களி மேலே ஏறிக் கல்லோடு கலக்காமல் இருக்க. அதன் மேல் தூள் கலக்காத முக்கால் அங்குலச் சல்லி 20 செ.மீ., இரண்டு அடுக்காக, ஒவ்வொரு அடுக்கையும் வாடகைக்கு எடுத்த அதிர்வுத்தட்டு இயந்திரத்தால் நான்கு முறை ஓட்டி இறுக்கினேன். மேலே பட்டாணி அளவுச் சில்லுக்கல் ஐந்து செ.மீ. சுற்றிவரப் பதப்படுத்திய ஆறங்குல மரச்சட்டம். கல் மட்டும் ஏறக்குறைய 3 டன். வெட்டி எடுத்த மண்ணும் 3 டன்னுக்குக் குறையாது, அதுதான் யாரும் முன்கூட்டி யோசிக்காத தலையிடி. குழி வெட்ட ஒரு நாள். அந்த மண்ணை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று அலைய மூன்று நாள்.

மட்டம் பார்க்க இரண்டு மீற்றர் ரசமட்டம் போதவில்லை. ஊரில் வீடு கட்டும்போது மேசன்மார் தெளிந்த குழாயில் தண்ணீர் விட்டு மட்டம் பிடிப்பார்களே, அதையே செய்தேன். நான்கு மூலையிலும் முளை அடித்து, குழாயின் ஒரு முனையை அம்மாவிடம் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன். காற்றுக்குமிழ் ஒன்று குழாய்க்குள் நின்றால் கணக்குப் பிழைத்துவிடும் என்று அவர்தான் ஞாபகப்படுத்தினார். அப்பா கட்டிய வீட்டுக்கும் அந்த முனையைப் பிடித்தவர் அவர்தானாம்.

இவ்வளவும் செய்துவிட்டு ஒன்றைக் கோட்டைவிட்டேன். களியில் வெட்டிய குழியும் ஒரு தொட்டிதான். சல்லிக்குள்ளால் இறங்கிய தண்ணீர் அடியில் போக வழியில்லாமல் நின்றுவிடும். முதல் மார்ச்சில் பனி கரைந்தபோது சட்டத்தின் ஓரமாகக் கையால் தோண்டிப் பார்த்தேன். ஒரு சாண் ஆழத்தில் தண்ணீர் மினுங்கியது. தொட்டியும் ஒரு பக்கம் அரை விரற்கடை சாய்ந்திருந்தது. ஆகவே, மச்சானுக்கு வந்த நோய் எனக்கும் வந்தது, கொஞ்சம் இலேசாக.

வித்தியாசம் மருந்தில்தான் இருந்தது. மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை தொட்டித் தண்ணீரை எப்படியும் மாற்றத்தான் வேண்டும். மே மாத நீள்வார இறுதியில் அதற்கென்று இறைத்தபோது, வெறுந்தொட்டி 350 கிலோவாகிவிட்டது. மச்சானும் அவன் பையன்கள் இருவரும் வந்தார்கள். இரண்டு நான்கங்குல மரங்களை நெம்புகோலாகக் கொடுத்து ஒரு பக்கத்தைத் தூக்கி மரக்கட்டை அடுக்கினோம். தாழ்ந்த இடத்தில் நான்கு வாளி சில்லுக்கல் கொட்டி, நேர்ப்பலகையால் வழித்து, கைத்தட்டுக் கட்டையால் இறுக்கி, ரசமட்டம் வைத்து, இறக்கினோம். பிறகு தாழ்ந்த மூலையிலிருந்து வளவின் சரிவுப் பக்கம் துளைக்குழாய் ஒன்று புதைத்தோம். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தொடங்கிய வேலை. அம்மா வடை சுட்டுத் தேநீரோடு வந்தபோது முடிந்திருந்தது. செலவு என்றால் குழாய்க் காசும் வடைக்கு ஊறப்போட்ட உழுந்தும்.

"அத்தான், இதை என்னுடையதில் செய்ய முடியாது, என்ன?" என்றான் மச்சான், கையில் பாதி வடையோடு. முடியாது என்று அவனுக்கே தெரியும்.

இதற்காகத்தான் நான் சல்லிப் பக்கம் நிற்கிறேன். இந்த நாட்டில் நிலம் அசையும். அசைந்த தளத்தை ஒரு பின்னேரத்தில், வீட்டு ஆட்களை வைத்துக்கொண்டே, திரும்ப மட்டத்துக்குக் கொண்டுவர முடியுமா என்பதுதான் எனக்குக் கேள்வி. அந்தத் திருத்தத்துக்குப் பிறகு மூன்று குளிர்காலம் போய்விட்டது. ஒவ்வொரு ஏப்ரலிலும் தண்ணீர் விளிம்பைப் பார்க்கிறேன். நான்கு மூலையும் மூன்று விரற்கடை.

இனி எதிர்வழக்கு. மூன்று குளிர்காலம் ஒரு பெரிய சாட்சி அல்ல. தொட்டியின் சூடு கொஞ்சம் கீழே இறங்கி அடிநிலத்தை முழுதாக உறையவிடாமல் வைத்திருக்கக்கூடும். அப்படியானால் பெயர் எனக்கும் சல்லிக்கும் வந்தாலும் வேலையைச் செய்தது மின்சாரக் கட்டணம். சில்லுக்கல் ஈரக்காலில் ஒட்டிக்கொண்டு தொட்டிக்குள் வரும், வடிகட்டியில் போய் உட்காரும். படிக்கு முன்னால் நடைகற்கள் பதித்த பிறகு குறைந்தது, நிற்கவில்லை. கொங்கிறீட்டில் இந்தத் தொல்லை இல்லை. ஒரு தும்புத்தடியால் கூட்டிவிட்டால் சரி. எலி ஏதும் சல்லிக்குள் வளை தோண்டுமா என்று மனைவி பயந்தார். இதுவரை கண்ணில் படவில்லை, இனியும் படாது என்று கையடித்துச் சொல்ல மாட்டேன். மரச்சட்டம் எத்தனை வருடம் உக்காமல் நிற்கும் என்பதும் பார்த்துத்தான் அறிய வேண்டும்.

இன்னொன்று முக்கியம். எங்கள் தொட்டிக்கு அடிப்பகுதி முழுவதும் ஒரே தட்டு. பாரம் பரந்து இறங்குகிறது. கால் கால் ஆக மரச்சட்டத்தில் நிற்கும் தொட்டிகள் உண்டு. அவை சில்லுக்கல்லில் புதையும். கொங்கிறீட் தவிர வேறெதிலும் வைக்காதே என்று சில தயாரிப்பாளர்கள் கைநூலிலேயே எழுதுகிறார்கள். அப்படி எழுதியிருந்தால் என் பேச்சைக் கேட்காதீர்கள், கைநூலைக் கேளுங்கள்.

கொங்கிறீட்டை நீங்களே ஊற்றிவிடலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு: என் தளத்தின் அளவுக்கு 15 செ.மீ. கனத்தில் ஏறக்குறைய 1.1 கன மீற்றர் வேண்டும். 30 கிலோ பை ஒன்று 14 லீற்றர்தான் தரும். எண்பது பைக்குக் கிட்டக் குழைக்க வேண்டும், அதுவும் முதல் பை இறுக முன் கடைசிப் பை போய்ச் சேர வேண்டும். லொறியில் எடுப்பது நல்லது, ஆனால் லொறி முன்வீதியில் நிற்கும், பின்வளவுக்குத் தள்ளுவண்டியில் நீங்கள்தான் ஓட வேண்டும். சல்லிக்கு அந்த அவசரமில்லை. மழை வந்தால் மூடிவிட்டு நாளை பார்க்கலாம்.

எதைப் போட்டாலும் வேண்டியவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மண்வெட்டியைத் தொட முன், நிலத்தடிக் குழாய், கம்பிகளைக் குறித்துத்தர ஏற்பாடு செய்யும் ஒன்ராறியோ வன் கோல் சேவைக்கு அறிவியுங்கள். இலவசம், சட்டப்படி கட்டாயமும்கூட. நிலத்தடியில் போகும் எரிவாயுவுக்கு மஞ்சள், மின்சாரத்துக்குச் சிவப்பு, தொலைத்தொடர்புக்குச் செம்மஞ்சள் என்று கோடு போட்டுவிட்டுப் போவார்கள். நான் தேர்ந்த இடத்தின் நட்டநடுவே செம்மஞ்சள் கோடு ஒன்று போனது. தொட்டி ஒரு மீற்றர் மேற்கே நகர்ந்தது அதனால்தான்.

மின்சாரத்தில் 120 வோல்ட், 240 வோல்ட் என்று இரண்டு விதம் சொல்வார்கள். இங்கே அது பேச்சுக்கே இடமில்லாத விஷயம். 1,300 லீற்றரை 8 பாகையிலிருந்து 39 பாகைக்குக் கொண்டுவர 47 அலகு மின்சாரம் வேண்டும். சாதாரணப் பிளக்கில் செருகும் தொட்டியின் ஒரு கிலோவாட் சூடாக்கி அதற்கு இரண்டு நாள் எடுக்கும். வெளியே பனி கொட்டினால் எட்டிப் பிடிக்காமலே நிற்கும். 240 வோல்ட்டில் 5.5 கிலோவாட் என்றால் ஒரு இரவு. உரிமம் உள்ள எலக்ட்ரீசியன், தனிச்சுற்று, கசிவைக் கண்டால் துண்டிக்கும் காப்பு, மின்சாரப் பாதுகாப்பு அதிகாரசபைக்கு அறிவித்தல், இதில் எதையும் சிக்கனம் பிடிக்க வேண்டாம். மச்சான் வீட்டில் கம்பிக்குழாயைக் கொங்கிறீட்டுக்குள் வைக்க மறந்துபோனார்கள்; இப்போது அது தளத்தின் மேலால் வளைந்து போகிறது, யாராவது வாரத்துக்கொருமுறை தடுக்குகிறார்கள். நான் சல்லியைக் கிளறிக் குழாயை வைத்துத் திரும்ப மூடினேன்.

வழியை அளந்து வையுங்கள். தொட்டி பக்கவாட்டில் நிமிர்ந்துதான் வரும்; உயரம் 2.1 மீற்றர், அகலம் ஒரு மீற்றருக்குக் கிட்ட. எங்கள் வீட்டுப் பக்கச்சந்து 1.2 மீற்றர், அதில் எரிவாயு மானி துருத்திக்கொண்டு நின்றது. பக்கத்து வீட்டாரிடம் கேட்டு வேலிப்பலகை இரண்டைக் கழற்றினோம். வேலி விஷயத்தில் யாழ்ப்பாணத்தாரின் கீர்த்தியை அறியாத மனிதர், சிரித்துக்கொண்டே சம்மதித்தார். மூடி மடங்கி நிற்க ஒரு பக்கமும், இயந்திரப் பகுதியைத் திறக்க ஒரு பக்கமும் இடம் விடுங்கள். கூரை விளிம்புக்கு நேர்கீழே வைக்காதீர்கள், பனிக்கூர் விழும். பூட்டக்கூடிய மூடி இருந்தால் நீச்சல்குள வேலி விதியில் விலக்குத் தரும் நகராட்சிகள் பல உண்டு. உங்கள் ஊரில் எப்படி என்று கேட்டுவிடுங்கள். இறைக்கும் தண்ணீரில் குளோரின் ஆறும்வரை விட்டு, அயலவர் வளவுக்குப் போகாமல் பாருங்கள்.

மச்சான் இந்த வருடமும் தளத்தை உடைப்பதா விடுவதா என்று முடிவெடுக்கவில்லை. உடைத்தால் 2.5 டன் கொங்கிறீட்டைச் சந்தால் வெளியே கொண்டுபோக வேண்டும். என் மரத்தளத்துக்குக் கீழே அரை டன் சில்லுக்கல் மிச்சம் கிடக்கிறது, அவனுக்கென்று வைத்திருக்கிறேன். அம்மா இன்றைக்கும் தொட்டியைக் கிடாரம் என்றுதான் சொல்கிறார். ஒருநாளும் இறங்கவில்லை. ஆனால் பனி விழும் பின்னேரங்களில் தொட்டி விளிம்பில் ஏறி உட்கார்ந்து, முழங்கால்வரை காலை விட்டுக்கொண்டு, தண்ணீர் விளிம்பு சரியாக இருக்கிறதா என்று விரல் வைத்துப் பார்க்கிறார்.